வெடிப்பு மெருகு

எங்கள் வீட்டில் ஓர் ஊறுகாய் ஜாடி உண்டு. மேற்பாதி தவிட்டு நிறம், கீழ்ப்பாதி வெள்ளை. பாட்டி பல ஆண்டுகளாக அதில்தான் எலுமிச்சை ஊறுகாய் போட்டுவந்தார். ஒரு கோடையில் ஜாடியின் வெளிப்புறத்தில் வெள்ளைப் பொடி பூத்திருக்கக் கண்டார். துடைத்தார், நான்கு நாளில் மறுபடியும் பூத்தது. நாவில் வைத்துப் பார்த்தேன்; உப்பு! ஜாடி உடையவில்லை, ஒழுகவுமில்லை. கூர்ந்து நோக்கியபோதுதான் அதன் மெருகின்மேல் உள்ளும் புறமும் மயிரிழை போன்ற கோடுகள் வலையாய் ஓடியிருப்பது தெரிந்தது. “மயிர்க்கோடு விழுந்துவிட்டது, இனி இதில் ஈரப்பண்டம் வைக்கக்கூடாது” என்று பாட்டி தீர்ப்புச் சொல்லிவிட்டார். அன்று முதல் அந்த ஜாடி அவரை விதை வைக்கும் கலமாயிற்று.

அந்தக் கோடுகளையே விரும்பி உண்டாக்கப் பயில்வதற்காக நான் காசிக்கு வருவேன் என்று அன்று எவரேனும் சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். இன்று அதைப் பயில்கிறேன். பயின்றதை நம் மன்றத்து மலரில் எழுத வேண்டும் என்று நண்பர்கள் கேட்டார்கள். சென்ற பொங்கலின்போது நம் மன்றத்திற்கு நான் தருவதாகச் சொன்ன கோப்பைகள் ஏன் வரவில்லை என்பதற்கும் இக்கட்டுரையிலேயே விடை இருக்கிறது.

முதலில் சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. சுட்ட மண்கலத்தின்மேல் கண்ணாடி போல உருகிப் படியும் பூச்சினைக் கூடத்தில் நாங்கள் எல்லோரும் ‘கிளேஸ்’ என்றே சொல்கிறோம். இங்கே அதை மெருகு என்கிறேன். அம்மெருகில் தானே விழும் வெடிப்பு குறை எனப்படும். வேண்டுமென்று விழச் செய்த வெடிப்பு அழகு எனப்படும். கோடு ஒன்றுதான்.

முதல் முறை என் கிண்ணங்கள் சூளையிலிருந்து வெளிவந்த மாலையை நான் மறக்கவில்லை. மேசைமேல் வரிசையாக அடுக்கிவிட்டுத் திரும்பினேன். பின்னால் ‘டிங்’ என்று ஓர் ஓசை. சிறிது பொறுத்து இன்னொன்று. யாரோ மெல்லிய வெள்ளிக் கம்பியைச் சுண்டுவது போல இருந்தது. அருகில் ஒருவரும் இல்லை. ஆசிரியரை அழைத்துவந்தேன். அவர் கேட்டுவிட்டு, “உன் கிண்ணங்கள் பாடுகின்றன. இன்னும் சில நாள் பாடும்” என்றார். ஒவ்வோர் ஓசைக்கும் ஒவ்வொரு கோடு விழுந்துகொண்டிருந்தது.

ஏன் விழுகிறது? காரணத்தை எனக்கு விளங்கச் செய்தவர், நம் மன்றத்திலேயே பீங்கான் பொறியியலில் ஆராய்ச்சி செய்துவரும் விருத்தாசலத்து அண்ணன் ஒருவர். பீங்கான் தொழில் நடக்கும் ஊர்க்காரர் ஆகையால் அவருக்கு இது வீட்டுப் பேச்சு.

“பறைக்குத் தோல் கட்டுவதைப் பார்த்திருக்கிறாயா தம்பி?” என்று தொடங்கினார். ஈரத்தோலைச் சட்டத்தின்மேல் இழுத்துக் கட்டுகிறார்கள். காயக் காயத் தோல் சுருங்க முயல்கிறது. சட்டம் அதற்கு இடம் கொடுப்பதில்லை. ஆகவே தோல் விறைத்து நிற்கிறது. மெருகின் நிலையும் அதுவே. சூளையில் அது பாகு போல உருகிக் கலத்தோடு ஒட்டிக்கொள்கிறது. ஆறும்போது ஏறக்குறைய 600 பாகையளவில் இறுகிவிடுகிறது. அதற்குமேல் கலமும் மெருகும் ஒன்றாகவே சுருங்கவேண்டும். ஆனால் இரண்டின் சுருக்கமும் ஒரே அளவினதாக இருப்பதில்லை. மெருகு அதிகம் சுருங்க விரும்பினால், கலம் அதை விடாமல் பிடித்து இழுக்கிறது. தோலாக இருந்தால் நெகிழும். மெருகோ கண்ணாடி. கண்ணாடியை அமுக்கினால் வெகுவாகத் தாங்கும், இழுத்தால் தாங்காது. அமுக்குவதற்கு அது தாங்கும் விசையில் பத்தில் ஒரு பங்கைக் கூட இழுப்பதற்குத் தாங்குவதில்லை. எனவே வெடிக்கிறது.

நான் கலை மாணவன், கணக்கென்றால் ஒதுங்குபவன். ஆயினும் அண்ணன் போட்டுக் காட்டிய கணக்கு எனக்கே பிடித்துப்போயிற்று. ஒரு பாகை வெப்பம் குறையும்போது மெருகு கலத்தைவிடப் பத்து இலட்சத்தில் இரண்டு பங்கு கூடுதலாகச் சுருங்குவதாக வைத்துக்கொள்வோம். இறுகிய நிலையிலிருந்து அறையின் வெப்பத்திற்கு வர ஏறக்குறைய 550 பாகை இறங்கவேண்டும். இரண்டையும் பெருக்கினால் ஆயிரத்தில் ஒன்றுக்குச் சற்று மேல் வரும். 30 சென்டிமீட்டர் சுற்றளவுள்ள ஒரு பூச்சாடியில் இது ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு. அவ்வளவேதான்! அந்த மூன்றில் ஒரு பங்கினை நூற்றுக்கணக்கான கோடுகள் தமக்குள் பங்கிட்டுக்கொள்கின்றன. ஒரு கோட்டின் அகலம் எத்தகையது என்று எண்ணிப் பாருங்கள். ஆயினும் உப்புநீர் அதற்குள்ளும் நுழைகிறது.

மாறாக, கலம் மெருகைவிடச் சற்றே அதிகம் சுருங்கினால் மெருகு அமுக்கப்பட்டு நிற்கும். நல்ல உணவுக் கலங்களில் இதைத்தான் நாடுகிறார்கள். கலத்திற்கு அது வலிமையும் தருகிறது. அளவு மீறினால் விளிம்புகளில் மெருகு செதில் செதிலாகப் பெயர்ந்து விழும். வெடிப்பும் ஒரு குறைதான். செதிலோ வாய்க்குள் போகக்கூடிய கண்ணாடித் துண்டு. ஆகவே இதுவே பெருங்கேடு.

எந்தப் பொருள் மெருகை அதிகம் சுருங்கச் செய்கிறது? சோடாவும் பொட்டாஷும். குறையச் செய்வன மணற்சத்தாகிய சிலிக்காவும், வெண்காரத்தில் உள்ள போரானும். வெடிப்பு வேண்டுவோர் முன்னவற்றைக் கூட்டுவர். வேண்டாதோர் பின்னவற்றைக் கூட்டுவர். இதுவரை எளிது. இனிதான் எனக்குத் தலைசுற்றல் வந்தது. வெடிப்பைத் தடுக்க மெருகில் குவார்ட்ஸ் தூளைச் சேர் என்றார் அண்ணன். நம் ஊரில் வெங்கச்சங்கல் என்று பொறுக்கி விளையாடுவோமே, அதே வெள்ளைக் கல்லின் தூள்தான். சரி என்றேன். உடனே, “மெருகில் சேர்க்க முடியாவிட்டால் களிமண்ணில் சேர், அதுவும் வெடிப்பைத் தடுக்கும்” என்றார். சுருக்கத்தைக் குறைக்கும் பொருளைக் களிமண்ணில் சேர்த்தால் கலத்தின் சுருக்கம் குறைந்து வெடிப்பு அதிகமாக அல்லவா வேண்டும் என்று வாதாடினேன்.

விடை அழகானது. மெருகில் குவார்ட்ஸ் முழுவதும் உருகிக் கண்ணாடியோடு கண்ணாடியாகக் கலந்துவிடுகிறது. அந்த நிலையில் அதன் சுருக்கம் மிகக் குறைவு. களிமண்ணிலோ அது உருகாமல் படிகமாகவே தங்குகிறது. குவார்ட்ஸ் படிகத்திற்கு ஒரு குணம் உண்டு. ஆறும்போது 573 பாகையில் அதன் உள்ளமைப்பு மாறித் திடீரென்று சுருங்குகிறது. அந்தச் சுருக்கம் கலம் முழுவதையும் சுருங்கச் செய்து, மேலே உள்ள மெருகை அமுக்கிவிடுகிறது. ஒரே கல் இரண்டு இடத்தில் இரண்டு வேலை செய்து ஒரே பயனைத் தருகிறது! மெருகையும் கலத்தையும் பொருத்தும் இத்தகைய விதிகளை ஒழுங்காக வகுத்தவர் 19-ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியில் வாழ்ந்த ஹெர்மன் சேகர் என்பவர். சூளையின் வெப்பத்தை அறிய உள்ளே நிறுத்தும் சிறு கூம்புகள் இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றன. ஜெய்ப்பூரின் நீலக் கலங்கள் களிமண்ணால் ஆனவை அல்ல; பெரும்பாலும் இந்தக் குவார்ட்ஸ் தூளால் ஆனவை. கண்ணாடித் தூளும் முல்தானி மண்ணும் பிசினும் சேர்த்துப் பிசைகிறார்கள். அதிகம் சுருங்கும் மெருகுக்கும் ஈடுகொடுக்கக்கூடிய உடல் அது.

கோடுகளின் ஓட்டத்தையும் கவனிக்கவேண்டும். கோடையில் வற்றிய ஏரியின் வண்டலைப் பார்த்திருப்பீர்கள். அங்கும் மேற்பரப்பு சுருங்க, அடிமண் பிடித்து நிறுத்த, பாளம் பாளமாக வெடிக்கிறது. முதலில் நீண்ட பெருங்கோடுகள் விழும். பின்னர் விழும் கோடு ஒன்று முன்னதைச் சென்று முட்டும்போது நேர்கோணத்தில் முட்டி நின்றுவிடும், தாண்டிச் செல்லாது. அங்கே முன்னரே இழுவிசை தீர்ந்துபோயிற்று அல்லவா? ஆகவே கலத்தைக் கையில் எடுத்து எந்தக் கோடு எதில் முட்டி நிற்கிறது என்று பார்த்தால், எது மூத்தது, எது இளையது என்று படித்துவிடலாம். மெருகு தடித்திருந்தால் வலைக்கண் பெரிதாகும், மெலிந்திருந்தால் சிறிதாகும். சக்கரத்தில் வனைந்த கலங்களில், விரல் சுழன்ற தடத்தைப் பின்பற்றிக் கோடுகள் சாய்ந்து திருகியோடுவதும் உண்டு.

இந்தக் குறையைக் கலையாக உயர்த்தியவர்கள் சீனர்கள். வடநாட்டை இழந்த சோங் அரசினர் 1127-க்குப் பின் தெற்கே வந்து ஹாங்சௌ நகரில் நிலைபெற்றார்கள். அரண்மனைக்கென்று அங்கே சூளைகள் ஏற்பட்டன. அக்கலங்களுக்குக் குவான் என்று பெயர். அரசுக்குரியது என்பது பொருள். இரும்புச்சத்து மிகுந்த கருமண்ணை மிக மெல்லியதாக வனைந்து, அதன்மேல் மெருகைப் பல முறை பூசினார்கள். சில கலங்களில் மண்ணைவிட மெருகே தடிப்பு! விளிம்பில் மெருகு வழிந்து மெலியும் இடத்தில் கருமண் ஊதாவாகத் தெரியும். மெருகில்லாத அடிவட்டம் இரும்பு போல இருக்கும். ‘ஊதா வாய், இரும்பு அடி’ என்று சீன அறிஞர்கள் இதைப் பாராட்டுவார்கள். கே என்னும் மற்றொரு வகையில் இரு வலைகள் ஒன்றின்மேல் ஒன்றாக இருக்கும். கறுத்த பெருங்கோடுகளும் அவற்றிடையே பொன்னிறச் சிறுகோடுகளும். இதற்குப் பெயர் ‘பொன் இழை, இரும்புக் கம்பி’. கே கலங்கள் எங்கே, எந்த நூற்றாண்டில் சுடப்பட்டன என்பதில் அறிஞர்கள் இன்னும் ஒன்றுபடவில்லை. எனக்கு அந்த வழக்கில் அக்கறை குறைவு. அந்த இரு வலைகளையும் எப்படி வரச் செய்வது என்பதே என் கவலை.

சீனக் கலம் தமிழ்நாட்டிற்குப் புதியது அன்று என்பதையும் சொல்லிச் செல்கிறேன். இராமநாதபுரம் மாவட்டத்துப் பெரியபட்டினத்தில் 1987-இல் நடந்த அகழாய்வில் சீனத்துப் பச்சை மெருகுக் கலத்துண்டுகளும் நீலவெள்ளைப் பீங்கான் துண்டுகளும் கிடைத்தன. கலம் வந்தது; மெருகிடும் தொழில் நம் குயவர் தெருவிற்கு வரவில்லை. நம் பானை இன்றும் மெருகில்லாத பானைதான். நீர் கசிந்து குளிர்வதுதானே அதன் பெருமை!

இனி என் கலவை. குர்ஜாவிலிருந்து வரவழைத்த, உயர்வெப்பம் தாங்கும் வெள்ளைக் களிமண்ணில் பூச்சாடி வனைந்தேன். முதற்சூடு 900 பாகைக்குச் சற்று மேல். மெருகுக்குப் பொட்டாஷ் ஃபெல்ஸ்பார் 80 பங்கு, சுண்ணாம்புக்கல் தூள் 10, குவார்ட்ஸ் தூள் 10. நீரில் கரைத்துச் சல்லடையில் இருமுறை வடித்து, தயிர் மேலாடைப் பதத்திற்குக் கொண்டுவந்தேன். ஒருமுறை தோய்த்து, உலர்ந்தபின் மறுமுறை தோய்த்தேன். மெருகு மெலிந்தால் கோடு சிறுத்து அழகு குன்றும். 1260 பாகையில் சுட்டு, முழுவதும் ஆறவிட்டு எடுத்தோம். சூளையை அவசரமாகத் திறப்பதுதான் வெடிப்புக்குக் காரணம் என்று எண்ணுவோர் உண்டு. காரணம் அது அன்று. சுருக்க வேறுபாடே காரணம். அவசரம், பின்னர் விழவேண்டிய கோட்டை முன்னரே விழச் செய்யும். அதோடு கலத்தையே பிளக்கவும் செய்யும். என் இரண்டாம் பூச்சாடி அப்படித்தான் போயிற்று.

கோடு விழுந்தால் மட்டும் போதாது, கண்ணுக்குத் தெரியவேண்டும். வெளியே எடுத்த அன்றே கரிமை தடவி, ஈரத்துணியால் மேற்பரப்பைத் துடைத்துவிட்டேன். கோடுகளுக்குள் புகுந்த மை நின்றுவிட்டது. பின்னர் ஜாடியைச் சன்னலோரம் வைத்துவிட்டு மூன்று வாரம் காத்திருந்தேன். இடையிடையே டிங், டிங் என்று புதுக்கோடுகள் விழுந்துகொண்டிருந்தன. எண்ணிக் குறிக்க முயன்று, தேர்வு வந்தமையால் கைவிட்டேன். மூன்றாம் வார முடிவில் கடுந்தேநீர் காய்ச்சி, அதில் ஜாடியை ஓர் இரவு மூழ்க வைத்தேன். காலையில் எடுத்தபோது, கரிய பெருவலைக்குள்ளே தேன்நிறச் சிறுவலை ஒன்று படர்ந்திருந்தது. சீனத்துக் கலத்திற்கு ஈடு என்று சொல்லமாட்டேன். ஆசிரியர் அதை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் திருப்பிக் கொடுத்தார். அவர் ஒன்றும் சொல்லாவிட்டால் நல்லது என்று பொருள்.

இதைவிட விரைவான வழியும் உண்டு. 1960-இல் அமெரிக்கர் பால் சோல்ட்னர், ஜப்பானிய ராகு முறையைத் தம் போக்கில் மாற்றிக்கொண்டார். செந்தழலாய் இருக்கும் கலத்தை இடுக்கியால் எடுத்து மரத்தூளில் புதைத்து மூடிவிடுவது. புகையே கோடுகளில் புகுந்து கறுக்கச் செய்யும். அரைமணியில் முடிந்துவிடும். பார்க்க விழாப் போல இருக்கும். மூன்று வாரக் காத்திருப்பின் இன்பம் அதில் இல்லை.

பூச்சாடியின் வெற்றி என் தலைக்கு ஏறியது. மன்றத்தின் பொங்கல் விழாவிற்கு முப்பது தேநீர்க் கோப்பைகளை வெடிப்பு மெருகிலேயே செய்து தருகிறேன் என்று கூட்டத்தில் எழுந்து சொல்லிவிட்டேன். கைதட்டலும் பெற்றேன். குர்ஜா மண் அவ்வளவுக்கு இல்லை; உயர்வெப்பச் சூளைக்கும் முறை கிடைக்கவில்லை. ஆகவே செம்மண்ணில் வனைந்து, சோடா மிகுந்த, ஈயமற்ற மெருகிட்டு 1050 பாகையில் சுட்டேன். கோடுகள் மிக நேர்த்தியாக விழுந்தன. தேநீர்ச் சாயம் ஏற்றிப் பார்த்தபோது முப்பதும் முப்பது ஓவியங்களாக இருந்தன.

விழாவிற்கு ஐந்து நாள் முன்பு அண்ணன் அறைக்கு வந்தார். ஒன்றை எடுத்துத் தட்டினார். ‘டக்’ என்றது. “உள்ளே மட்டும் தேநீர் ஊற்றி, அடியில் செய்தித்தாளை விரித்து வை தம்பி. காலையில் பார்ப்போம்” என்றார். எனக்குக் கோபம். ஆயினும் ஆறு கோப்பைகளை அப்படியே வைத்தேன். விடிந்ததும் தூக்கிப் பார்த்தேன். ஆறின் கீழும் செய்தித்தாளில் வட்டமாக ஈரம். மற்றொரு கோப்பையைத் தராசில் வைத்தேன், 212 கிராம். ஒரு பகலும் இரவும் நீரில் போட்டுவைத்து மறுபடி நிறுத்தேன், 231 கிராம். 19 கிராம் நீரைக் குடித்திருக்கிறது என் கோப்பை! அந்தப் பூந்துளைகளுக்குள் பாலும் சர்க்கரையும் போய்த் தங்கினால், எவ்வளவு கழுவினாலும் வெளியே வாராது. புளித்து நாறும், கிருமி வளரும். கொதிநீர் ஊற்றியவுடன் தண்ணீரில் அமுக்கியதில் ஒன்று கையிலேயே இரண்டாயிற்று. வெடித்த மெருகு கலத்திற்கு வலிமை தருவதில்லை. அதன் ஒவ்வொரு கோடும் பிளவுக்குத் தொடக்கம்.

பாட்டியின் ஜாடி அப்போதுதான் நினைவுக்கு வந்தது. முன்னமே வந்திருக்கலாம்.

எஞ்சிய நாள்களில் மெருகைத் திருத்த முயன்றேன். நூறு பங்குக்கு 5 பங்கு குவார்ட்ஸ் சேர்த்துச் சுட்டதில் கோடுகள் குறைந்தன. 10 பங்கு சேர்த்தபோது கோடு மறைந்தது. ஆனால் அந்த வெப்பத்தில் மெருகு சரியாக உருகாமல் சுரசுரத்தது. சோடாவில் ஒரு பகுதியைக் குறைத்து, போரான் உள்ள கண்ணாடித் தூளைச் சேர்த்த பின்னரே தெளிவும் வந்தது, கோடும் நின்றது. வெற்றி என்று எண்ணி அந்த மாதிரிக் கோப்பையில் நானே சில மாதம் தேநீர் குடித்தேன். ஆடி மாதத்து மழைக்காலத்தில் ஒரு நாள் படித்துக்கொண்டிருக்கையில் பக்கத்தில் ‘டிங்’ என்றது! நுண்துளையுள்ள செம்மண் கலம், சூளையை விட்டு வந்த பிறகும் காற்றின் ஈரத்தை மெல்ல மெல்ல ஏற்று, இம்மியளவு பருக்கிறது. உடல் பருக்க, மெருகு இழுபட்டு, மாதங்கள் கழித்தும் வெடிக்கிறது. எனவே உணவுக் கலத்திற்கு, நீர் புகாத அளவுக்கு இறுகச் சுடும் மண்ணே வேண்டும் என்பது என் முடிவு. வெடிப்பு மெருகைக் குடிக்கும் கோப்பையில் இடவே கூடாது என்பதில் எனக்கு இப்போது ஐயமில்லை. அதைச் செய்து அழகு என்று விற்பவர்களும் இருக்கிறார்கள். வாங்குகிறவர் செய்தித்தாள் சோதனையைச் செய்து பார்த்துக்கொள்ளட்டும்.

அந்தப் பொங்கலன்று நாம் அனைவரும் லங்காக் கடைவீதியில் வாங்கிய மண் குல்லட்டில் தேநீர் குடித்தோம். குடித்துவிட்டு எறியப்படும் குல்லட்டுக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை.

எஞ்சிய கோப்பைகள் என் அறையில் இருக்கின்றன. பேனா வைத்துக்கொள்ள விரும்புவோர் வந்து ஆளுக்கொன்று எடுத்துக்கொள்ளலாம். செய்முறையைப் பார்க்க விரும்புவோர் சனிக்கிழமை பிற்பகல் கூடத்திற்கு வாருங்கள். பழைய சட்டையாக அணிந்து வருக. முகமூடியும் கட்டாயம் கொண்டு வருக. ஃபெல்ஸ்பார், குவார்ட்ஸ் தூள்களை உலர்ந்த நிலையில் கொட்டினாலும் கலக்கினாலும் எழும் தூசி நுரையீரலில் தங்கி, மீளாத நோயைத் தரும். கூடத்தைத் துடைப்பத்தால் பெருக்குவதில்லை, ஈரத்துணியால்தான் துடைக்கிறோம். அந்த வேலையிலிருந்துதான் உங்கள் முதற் பாடமும் தொடங்கும்.